பழைய ஒலிச்சாதனம் எப்போது ‘விண்டேஜ்’ ஆகிறது?

மட்டக்களப்பில் ஒரு பொருளின் வயதைச் சொல்லும்போது, ‘சூறாவளிக்கு முந்தினது’ என்று சொல்வது வழக்கம். 1978 நவம்பர் 23க்கு முன் வாங்கியது என்பது அதன் பொருள். அவ்வாறு சொல்லி என்னிடம் காட்டப்பட்ட ஓர் அம்பிளிபயரின் முகப்பில், தெரிவுக் குமிழுக்கு அருகே ‘சிடி’ என்று அச்சிடப்பட்டிருந்தது. சிடி பிளேயர் ஜப்பானில் விற்பனைக்கு வந்ததே 1982இல்தான் என்பதால், அந்த இரண்டு எழுத்துகளே வழக்கைத் தீர்த்துவிட்டன.

எனவே வாய்ச்சொல்லை விடுத்து, பெட்டியையே கேட்க வேண்டும். றேடியோவின் அலைவரிசைத் தட்டில் கிலோஹேர்ட்ஸுக்குப் பதிலாகக் கிலோசைக்கிள் என்று இருந்தால், அது பெரும்பாலும் 1970களின் நடுப்பகுதிக்கு முற்பட்டது. கசற் 1963இல் அறிமுகமானது; கசற் செற்றில் ‘மெற்றல்’ நாடாவுக்கான ஆளி இருந்தால், அது 1970களின் இறுதியிலோ அதற்குப் பின்னரோ செய்யப்பட்டது. மின் இணைப்பைக் கழற்றி மூடியைத் திறந்தால், சில பாகங்களில் 7832 போன்ற நான்கு இலக்கங்கள் தெரியலாம். பல தயாரிப்புகளில் இது 1978ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தைக் குறிக்கும். திருத்துநர் இடையில் ஒரு பாகத்தை மாற்றியிருக்கக்கூடும் என்பதால், இரண்டு மூன்று பாகங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

வயது தெரிந்தாலும் வேலை முடிவதில்லை. விண்டேஜுக்கு, அதாவது மதிப்புள்ள பழம்பொருள் என்ற பெயருக்கு, 20 ஆண்டு போதும் என்பாரும் உண்டு. நான் 30 ஆண்டு என்கிறேன். ஆனால் அந்த எல்லைக்குள் 1990களின் பிளாஸ்டிக் ‘ஓல் இன் வன்’ செற்றுகளும் இப்போது வந்துவிட்டன. அவற்றை நான் வெறும் பழசு என்றே சொல்வேன். உலோகச் சட்டத்தில் தனித்தனிப் பாகங்களாகப் பூட்டப்பட்டு, பழுதைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தக்கூடியதாகச் செய்யப்பட்ட அம்பிளிபயர், கனத்த தட்டுடைய இசைத்தட்டுக் கருவி, வால்வு றேடியோ ஆகியவையே அந்தப் பெயருக்கு உரியவை.

வயது, செய்யப்பட்ட விதம் ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாவது, எவ்வளவு அசலாக எஞ்சியிருக்கிறது என்பது. கல்லடியிலும் கல்முனையிலும் கடற்காற்றின் உப்பு குமிழ்களின் உட்புறத்தையும் இணைப்பு முனைகளையும் அரித்துவிடும். ஸ்பீக்கரின் விளிம்பிலுள்ள நுரைப்பட்டி, விரலால் தொட்டாலே பிசுபிசுத்து உதிரும். காய்ந்த மின்தேக்கிகளையும் இந்த நுரைப்பட்டியையும் மாற்றுவதால் மதிப்புக் குறையாது என்பது என் கருத்து. முகப்பில் புதிதாகத் துளையிட்டு யூஎஸ்பி பொருத்தியிருந்தால், அதை விண்டேஜ் விலைக்கு வாங்க வேண்டாம்.

ஜப்பானிய உள்நாட்டுப் பாவனைக்கான செற்றுகள் 100 வோல்ற்றில் இயங்குபவை. நமது 230 வோல்ற்றில் நேரடியாகப் பூட்டினால் அவை கருகிவிடும். ஆகவே வாங்கும் இடத்திலேயே, போட்டுக் காட்டச் சொல்வதற்கு முன், பின்புறத் தகட்டை வாசித்துவிடுங்கள்.