சோளிங்கர் கணக்கில் கிராண்ட் கேன்யன்: இறங்கி நடக்க நினைக்கிறவர்களுக்கு

சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படி, உயரம் சுமார் 750 அடி. இந்த இரண்டு எண்ணையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் யார் எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பது எனக்கு இந்தக் கணக்கில்தான் புரிந்தது, அதுவும் போய்ப் பட்ட பிறகு.

காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம் என்று நம்ம பக்கத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிற பெற்றோர் இப்போது நிறைய. பிள்ளை கிராண்ட் கேன்யனுக்குக் கூட்டிக்கொண்டு போவான், விளிம்பில் நின்று போட்டோ எடுப்பார்கள், ரெண்டு மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். அவ்வளவு தூரம் போய்விட்டு அப்படித் திரும்பக் கூடாது என்பேன். 446 கிலோமீட்டர் நீளம், ஒரு மைலுக்கு மேல் ஆழம் உள்ள பள்ளம் அது. மேலே இருந்து பார்த்தால் வரைந்து வைத்த படம் போலத்தான் இருக்கும். அரை மைல் உள்ளே இறங்கினால்தான் சுவர் தலைக்கு மேல் எழும்பி, அது எவ்வளவு பெரியது என்று உடம்புக்கே உறைக்கும்.

ஆனால் ஒன்று. நமக்குத் தெரிந்த மலைகள் எல்லாவற்றிலும் ஏற்றம் முதலில், இறக்கம் அப்புறம். வள்ளிமலையோ ரத்தினகிரியோ, மூச்சு வாங்கினால் உட்காரலாம், முடியவில்லை என்றால் பாதியில் திரும்பி இறங்கிவிடலாம், உடம்பே சொல்லிவிடும். கேன்யனில் இது தலைகீழ். முதலில் சுகமான இறக்கம், காலை நேரம், தெம்பு முழுசாக இருக்கும், "இன்னும் கொஞ்சம்" என்று கால் தானாகப் போகும். திரும்ப நினைக்கும்போது வெயில் உச்சியில், தண்ணீர் பாதி, ஏற்றம் முழுசும் பாக்கி. இறங்க ஆன நேரத்தைப் போல ரெண்டு மடங்கு ஏற ஆகும் என்று வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். போனது மே கடைசி. ஊரில் அக்னி நட்சத்திரத்தை விட்டு வந்த எங்களுக்கு அங்கே மேலே இருந்த 25 டிகிரி ஊட்டி மாதிரி இருந்தது, விளிம்பும் கிட்டத்தட்ட ஊட்டி உயரம்தான், 7,000 அடி. காலை பத்து மணிக்கு நிதானமாகக் கிளம்பினோம். பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒன்றரை மைலில் ஒரு ஓய்விடம் இருக்கிறது, அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். "வேலூர்க்காரிக்கு இதெல்லாம் ஒரு வெயிலாங்க?" என்றாள் மனைவி, எனக்கும் அதே நினைப்புதான், மூன்று மைல் ஓய்விடம் வரை போய்விட்டோம். திரும்பும்போது அவளுக்குத் தலைவலி, குமட்டல், கால் நடுக்கம். வியர்வையே இல்லை, அதனால் சூடு ஏறியிருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை, தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாள். வழியில் வந்த ஒரு ரேஞ்சர் அம்மா அவளை நிழலில் உட்கார வைத்து, துப்பட்டாவை நனைத்துத் தலையிலும் கழுத்திலும் போட்டுவிட்டு முதலில் கேட்டது, "கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள்?" என்பதுதான். அந்த மூன்று மைல் ஏற நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

காரணம் அப்புறம்தான் விளங்கியது. நம்ம ஊர் வெயிலில் சட்டை நனைந்துவிடும், அதுவே எச்சரிக்கை. பாலைவனக் காற்றில் ஈரமே கிடையாது, வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், தோல் மேல் உப்பு மட்டும் வெள்ளையாகப் பூத்திருக்கும். எவ்வளவு இழந்தோம் என்பது கண்ணுக்குத் தெரியாது. அதோடு நம்ம மலையில் மேலே போகப் போகக் குளிரும் என்றால் அங்கே கீழே போகப் போகக் கொதிக்கும், ஆற்றங்கரையில் விளிம்பைவிட 11 டிகிரி வரை கூடுதல். கோடையில் அடியில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும்.

இனி கணக்கு. ஒன்றரை மைல் ஓய்விடம் என்றால் சுமார் 1,100 அடி, ஒன்றரை சோளிங்கர். மூன்று மைல் ஓய்விடம் 2,100 அடி, அதாவது மூன்று சோளிங்கர். ஹவசுப்பாய் கார்டன்ஸ் என்ற பச்சைத் திட்டு நாலரை மைலில், 3,000 அடி, நான்கு சோளிங்கர். கொலராடோ ஆறு வரை போனால் கிட்டத்தட்ட ஆறு. எத்தனை சோளிங்கர் ஒரே மூச்சில் ஏறுவீர்கள் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், அதுவும் ஊட்டிக் காற்றில், முதுகில் நான்கு கிலோவோடு. முதல்முறை போகிறவர்களுக்கு ஒன்றரை போதும். ஒரே நாளில் ஆற்றுக்கு இறங்கி ஏறவே வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே பாதை முகப்பில் பலகை வைத்திருக்கிறது, இளவட்டங்கள்தான் அதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

பழகுவதற்கும் சோளிங்கர்தான். பயணத்துக்கு மூன்று மாதம் முன்னால் வாரம் ஒருமுறை போங்கள். இப்போது ரோப் கார் வந்துவிட்டதே, அதில் மேலே போய், சாமி கும்பிட்டுவிட்டு, படியில் இறங்கி, கீழே பத்து நிமிஷம்கூட உட்காராமல் உடனே திரும்பி ஏறுங்கள். அப்போதுதான் இறங்கின தொடை நடுங்க நடுங்க ஏறுவது என்னவென்று தெரியும், கேன்யன் வரிசை அதுதான். பையில் தண்ணீர் பாட்டில்களைப் போட்டுச் சுமந்து பழகுங்கள், தின்பண்டம் வெளியே தெரிந்தால் குரங்கு பிடுங்கிவிடும், ஜாக்கிரதை. கோயில் படியில் ஷூ போட மனம் வராது, எனக்கும் வராது, அதனால் ஷூவைப் பழக்க வேலூர் கோட்டையைச் சுற்றி தினமும் காலையில் நடந்தேன். புது ஷூவோடு விமானம் ஏறவே கூடாது. ஆம்பூர், ராணிப்பேட்டை என்று ஷூ தைத்தே வாழ்கிற ஊர்கள் நம்முடையவை, யாராவது தெரிந்தவரிடம் கேட்டு, அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிற மாதிரி, அரை அளவு பெரிதாக வாங்குங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடிக்கும். கிளம்பும் முன் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், இதைச் செய்யாமல் என் பெருவிரல் நகம் கறுத்துப் போய் விழ ரெண்டு மாதம் ஆயிற்று.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் இன்ன மாதிரி நடை, இன்ன சூடு என்று விளக்கிச் சொல்லிக் கேளுங்கள், நீர் பிரிய வைக்கும் மாத்திரை என்றால் கட்டாயம். வேலூரில் டாக்டருக்குப் பஞ்சமில்லை. மருத்துவக் காப்பீடு இல்லாமல் அமெரிக்காவில் கால் வைக்காதீர்கள். விசாவைப் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை, சென்னையில் நேர்காணல் நாள் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் அதுதான் முதல் வேலை.

எந்த மாதம்? மார்ச் முதல் மே நடு வரை, அல்லது செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை. அக்டோபர் காலையில் விளிம்பில் 2 டிகிரி இருக்கும், ஸ்வெட்டர் மேல் ஒரு ஜெர்கின் வேண்டும், கீழே போகப் போக ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் வைக்கலாம். குளிர்காலத்தில் பனி விழும், பாதை மேல்பகுதி ஐஸாகி வழுக்கும். ஜூலை, ஆகஸ்ட்டில் மதியம் இடி மின்னலோடு மழை, சின்ன ஓடைகளில் திடீர் வெள்ளம். பள்ளி லீவு என்பதால் ஜூனில்தான் போக முடியும் என்றால் விடிவதற்கு முன் இறங்கி, பத்து மணிக்குள் மேலே வந்துவிடுங்கள், பத்திலிருந்து நாலு மணி வரை உள்ளே இருக்கவே கூடாது.

போக வேண்டியது சவுத் ரிம், அதாவது தெற்கு விளிம்பு, அது வருடம் முழுக்கத் திறந்திருக்கும். ஃபீனிக்ஸிலிருந்து காரில் மூன்றரை மணி, லாஸ் வேகஸிலிருந்து நாலரை மணி. கண்ணாடிப் பாலம் இருக்கிறதே, அது கிராண்ட் கேன்யன் வெஸ்ட், ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம், தேசியப் பூங்காவே அல்ல, டிக்கெட்டும் தனி. வேகஸ் பஸ் டூரில் ஒரு நாளில் காட்டுவது பல நேரம் அதைத்தான், பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். பூங்காவுக்கு வண்டிக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். 2026 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் குடியிருக்காத, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஆளுக்கு 100 டாலர் கூடுதல், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பகல் நடைக்குத் தனி அனுமதி வேண்டாம், உள்ளே இரவு தங்கத்தான் வேண்டும். பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகள் பல மாதம் முன்பே நிறைந்துவிடும், தெற்கு வாசலை ஒட்டி டூசாயன் என்ற சின்ன ஊரில் இடம் கிடைக்கும், விலை அதிகம்தான். முதல் நாள் மாலை போய்ச் சேர்ந்து சூரிய அஸ்தமனம் பாருங்கள், மறுநாள் விடியற்காலை நடங்கள். ஊருக்கு போன் செய்ய: அரிசோனாவில் காலை ஏழரை என்றால் நமக்கு இரவு எட்டு. பள்ளத்துக்குள் சிக்னலை நம்பாதீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று மேலே இருப்பவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

பாதை ரெண்டு. சவுத் கைபாப்பில் காட்சி அபாரம், முகடு மேலேயே நடப்பீர்கள், ஒன்றரை மைலில் சீடர் ரிட்ஜ். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நிழலும் இல்லை, தொடங்கும் இடத்துக்கு இலவச ஷட்டில் பஸ்ஸில்தான் போக வேண்டும். பிரைட் ஏஞ்சலில் கோடையில் ஓய்விடங்களில் குழாய்த் தண்ணீர் வரும், கழிப்பறை உண்டு, இருந்தாலும் நீர்க்குழாய் உடைவது அங்கே சகஜம், அன்று காலை விசாரித்துவிட்டே இறங்குங்கள். நம்ம வயசுக்கு பிரைட் ஏஞ்சல் என்பேன்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். அதைவிட முக்கியம் உப்பு. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆளைச் சாய்த்துவிடும், என் மனைவிக்கு அந்த அபாயமும் இருந்தது என்று ரேஞ்சர் சொன்னார். ஓஆர்எஸ் பொட்டலங்கள் பத்து ஊரிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்கு ஒரு லிட்டர். காராபூந்தி, உப்புக்கடலை, மிக்சர், காலையில் கட்டின புளியோதரை. பசி இல்லாவிட்டாலும் அரை மணிக்கு ஒரு கைப்பிடி. பழமும் கறியும் விமானத்தில் கொண்டுபோகாதீர்கள், சொல்லாமல் கொண்டுபோனால் அபராதம்.

திரும்புவதற்கு இடம் குறிக்காதீர்கள், நேரம் குறியுங்கள். ஆறு மணிக்கு இறங்கினால் ஏழேகாலுக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது, அல்லது தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்புவது, எது முதலில் வருகிறதோ அது. கோவேறு கழுதை வரிசை வரும், பள்ளத்துப் பக்கம் நிற்காமல் சுவர்ப் பக்கம் ஒதுங்கி, ஓட்டுகிறவர் சொல்வதைக் கேளுங்கள். ஏறி வருகிறவருக்கு வழி விடுங்கள். சோளிங்கரில் குரங்கு என்றால் அங்கே அணில், கையில் கொடுத்தால் கடிக்கும்.

போகும்போது எதிரே இருக்கிற சிகரங்களின் பெயரைக் கேட்டுப் பாருங்கள், விஷ்ணு டெம்பிள், சிவா டெம்பிள் என்பார்கள். 1880களில் கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியலாளர் வைத்த பெயர்கள். அடியில் கிடக்கும் கறுத்த பாறைக்கும் விஷ்ணு என்றே பெயர், வயது சுமார் 170 கோடி ஆண்டு, விளிம்புப் பாறை 27 கோடிதான். ஒன்றரை மைல் இறங்கினாலே கல்லின் நிறம் வெள்ளையிலிருந்து சிவப்புக்கு மாறுவதைப் பார்க்கலாம், நின்று நின்று பாருங்கள்.

முட்டி வலி இருக்கிறவர்கள் கூட வந்தால் அவர்களை அறையில் விட்டுவிடாதீர்கள். விளிம்பை ஒட்டி 13 மைல் ரிம் டிரெய்ல் இருக்கிறது, பெரும்பகுதி சமதளம், தார் போட்டது, எங்கே களைத்தாலும் பக்கத்து நிறுத்தத்தில் ஷட்டில் ஏறிவிடலாம். மறுநாள் நாங்கள் அதில்தான் நடந்தோம், வழியில் ஓரிடத்தில் உட்கார்ந்து முந்தின நாள் ஏறி வந்த வளைவுகளைத் தேடினோம். மூன்று மைல் ஓய்விடத்தின் கூரையை மனைவிதான் முதலில் கண்டுபிடித்துக் காட்டினாள், தீப்பெட்டி அளவுகூட இல்லை.