உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தன் தாத்தாவின் ஸ்டீரியோ ரிசீவரைப் போர்வையில் சுற்றி எடுத்துவந்தார். 1970களில் ஜப்பானில் செய்தது. இடது பக்கத்தில் ஒலி வந்து வந்து போகிறது என்றார். மூடியைக் கழற்றினேன். ரேடியோவா ரெக்கார்டா என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் சுவிட்சின் உலோக இதழ்கள் புது எவர்சில்வர் டம்ளர் போல மின்னின.

"நானே சுத்தம் செய்துவிட்டேன் சார். ஒரு பொட்டுக் கறுப்பு கிடையாது."

எதைக் கொண்டு தேய்த்தார் என்று கேட்கவில்லை. அடித்தட்டில் உப்புத்தாளின் துகள்கள் சிதறிக் கிடந்தன. கோபித்துக்கொள்ளவும் எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அந்தக் காரியத்தைச் செய்தவன்தான்.

பிளக்கைப் பிடுங்குங்கள், ஈரக் கையோடு தொடாதீர்கள் என்பவை எல்லோருக்கும் தெரியும். பழைய ஆடியோ பெட்டிகளைச் சுத்தம் செய்யும்போது விவரம் தெரிந்தவர்களும் வழுக்கி விழும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

கறுத்த வெள்ளியைத் தேய்ப்பது

பழைய ஆம்ப்ளிஃபயர்களின் செலக்டர் சுவிட்சில் தொடுமுனைகள் பெரும்பாலும் பித்தளைத் தகட்டிலோ வெண்கலத் தகட்டிலோ வெள்ளி முலாம் பூசியவை. முலாமின் கனம் சில மைக்ரான். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளி கறுக்கிறது. கொலுசு கறுப்பதும் இப்படித்தான். அந்தக் கறுப்பு மிருதுவான படலம். குமிழைத் திருப்பும்போது இதழ்கள் ஒன்றோடொன்று உரசித் தங்கள் பாதையைத் தாங்களே துடைத்துக்கொள்கின்றன. நம் கண்ணை உறுத்தும் கறுப்பு பெரும்பாலும் அந்தப் பாதைக்கு வெளியே, யாருக்கும் தொந்தரவு தராமல் கிடக்கிறது. உண்மையில் வம்பு செய்பவை காய்ந்த கிரீசும் தூசியும்தான். பூஜை அறைக்குப் பக்கத்தில் வைத்திருந்த பெட்டி என்றால் சாம்பிராணிப் புகையும் சேர்ந்துகொள்ளும்.

உப்புத்தாளை எடுத்தால் கறுப்போடு முலாமும் போகும். அடியில் இருப்பது செம்பு கலந்த உலோகம். சென்னைக் கடற்காற்றில் அது எத்தனை நாள் பளபளக்கும்? ஆக்சைடு பிடிக்கும், பிறகு களிம்பு. தேய்த்த கீறல்களில் அழுக்கு இன்னும் வசதியாக உட்கார்ந்துகொள்ளும்.

நான் செய்தது 2007இல். 400 எண் உப்புத்தாளை மெல்லிய பட்டையாக வெட்டி, ஒவ்வோர் இதழாகப் பொறுமையாகத் தேய்த்தேன். அன்றிரவு ஒலி அபாரமாக இருந்தது. நண்பர்களை வேறு வீட்டுக்கு அழைத்துப் பெருமையடித்துக்கொண்டேன். ஐப்பசி மழை வந்ததும் இடது பக்கம் ஊமையானது. மறுபடி தேய்த்தேன். இந்த முறை ஆறு வாரம் தாங்கியது. மூன்றாம் முறை ஓர் இதழ் முறுக்கிழந்து, கையோடு ஒடிந்து வந்தது.

அந்தச் சுவிட்சை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் நான் ஏறாத கடை இல்லை. ஒடிந்த இதழை விரல் நுனியில் வைத்துப் பார்த்த ஒரு பெரியவர், ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். கடைசியில் அதே மாடலில் செத்துக் கிடந்த ரிசீவர் ஒன்றை, என் பெட்டிக்குக் கொடுத்ததைவிட அதிக விலைக்கு வாங்கினேன். நாற்பதுக்கும் மேற்பட்ட ஒயர்களுக்கு எண் ஒட்டி, ஈயத்தை உருக்கிக் கழற்றி, சுவிட்சை மாற்றிப் பொருத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பணம் போனதுகூட இப்போது வலிக்கவில்லை. தொடுமுனைகளைச் சுத்தம் செய்வதற்கென்றே உள்ள காண்டாக்ட் கிளீனர் ஒரு துளியில் தீர்ந்திருக்கும் வேலை என்பதுதான் இன்றைக்கும் எரிச்சலூட்டுகிறது.

சரியான முறை சலிப்பூட்டும் அளவுக்கு எளிது. காண்டாக்ட் கிளீனரைப் பல்குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு, இதழ்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு துளி விடுங்கள். குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை 20, 30 முறை திருப்புங்கள். விசிட்டிங் கார்டை 3 மில்லிமீட்டர் பட்டையாக வெட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, இதழ்களுக்கிடையே நுழைத்து மெதுவாக உருவுங்கள். முதல் பட்டை கரிக்கோடு போட்டது போல வரும். நான்காவது, ஐந்தாவது பட்டையில் கோடு மங்கிவிடும். அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சக் கறுப்பு அங்கேயே இருக்கட்டும். ஆல்கஹால் 99 சதவீதம் இருந்தால் நல்லது. 70 சதவீதத்தில் மீதி தண்ணீர்தான்.

மூடியைத் திறக்காமல் ஸ்பிரே அடிப்பது

வால்யூம் குமிழைப் பிடுங்கிவிட்டுத் தண்டின் ஓரமாக ஸ்பிரே அடிப்பவர்கள் அநேகம். குமிழ் வெண்ணெயில் திரும்புவது போல இருப்பதற்குக் காரணமே அந்தத் தண்டைச் சுற்றியுள்ள கெட்டி கிரீஸ். ஸ்பிரே அதைக் கரைத்து, உள்ளே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கார்பன் தடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பிறகு கரகரப்பும் போகாது, குமிழும் லொடலொடவென்று ஆடும். மூடியைத் திறந்து, கால்கள் வெளிவரும் பக்கத்திலுள்ள சிறு இடுக்கு வழியாக விடுங்கள்.

துருப்பிடித்த திருகாணிக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வாசற்கதவின் கீலுக்கு. அது விட்டுச்செல்லும் எண்ணெயில் தூசி படிந்து களியாகிவிடும்.

கரகரப்பு எல்லாமே அழுக்கு என்று நினைப்பது

இரண்டு முறை சுத்தம் செய்தும் குமிழைத் திருப்பும்போது கரகரக்கிறதா? கிளீனரை வைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுங்கள். வால்யூம் கண்ட்ரோலின் உள்ளீட்டுக் காலில் டிசி மின்னழுத்தம் பாருங்கள். சில மில்லிவோல்ட் இருந்தால் பரவாயில்லை. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அதற்கு முன்னாலுள்ள, டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் விட வேண்டிய கப்ளிங் கெபாசிட்டர் கசிகிறது. சில ரூபாய் கெபாசிட்டரை விட்டுவிட்டு வால்யூம் கண்ட்ரோலையே மாற்றி, அதுவும் கரகரத்ததைக் கண்டு தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ரிலேவை மறந்துவிடுவது

ஒலியைக் குறைத்தால் ஒரு பக்கம் மங்குகிறது, கூட்டினால் படக்கென்று உயிர் வருகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்பீக்கர் ரிலேயை, அதாவது ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் தானியங்கிச் சுவிட்சை. பெட்டியை ஆன் செய்து சில விநாடிகளில் 'டிக்' என்கிறதே, அதுதான். அதன் முனைகளில் கருகிப் படிந்த படலத்தைச் சிறிய மின்னழுத்தத்தால் தாண்ட முடியாது, பெரியது உடைத்துக்கொண்டு போய்விடும். காயில் (கம்பிச் சுருள்) வோல்டேஜும் கால்களின் அமைப்பும் ஒத்த, அதே அளவு மின்னோட்டம் தாங்கும் புது ரிலே போடுங்கள்.

இங்கேயும் உப்புத்தாள் கிடையாது.

பிளக்கைப் பிடுங்கியதும் கையை விடுவது

மின்வழங்கியிலுள்ள பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ஸ்குரூடிரைவரால் குறுக்கே தொட்டு இறக்காதீர்கள். நான் அப்படித் தொட்ட ஸ்குரூடிரைவரின் முனை இன்றும் உருகிய மெழுகுவத்தி மாதிரி இருக்கிறது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் என்றால் 1,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இடுக்கியில் பிடித்து வைத்து, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே தொடுங்கள்.

செல் கசிந்த ரிமோட்டுக்கு எல்லாம் ஒரே மருந்து

ஆல்கலைன் செல் கசிவது காரம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு சொட்டு போதும். பழைய சாதா செல்லின் கசிவு அமிலத்தன்மை உள்ளது. அதற்குச் சமையல் சோடா. எதைப் போட்டாலும் பிறகு ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

விபூதி, புளி, பல்பொடி

குத்துவிளக்குக்கு.

உதிரி சுவிட்சுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைப்பது

ரப்பரில் கந்தகம். காகிதத்தில் சுற்றுங்கள்.

மூடியவுடன் சுவிட்சைப் போடுவது

பல கிளீனர்கள் எளிதில் தீப்பிடிப்பவை. மூடியைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அந்த இளைஞரின் ரிசீவர் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. முலாம் போன இதழ்களைத் துடைத்து, காண்டாக்ட் லூப்ரிகன்ட் பூசி வைத்திருக்கிறேன்; வரும் மழைக்காலம்வரை தாங்கினால் ஆச்சரியம். அதற்குள் அதே மாடலில் பழைய பெட்டி ஒன்று கிடைக்குமா என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். பவர் டிரான்சிஸ்டர் வெந்திருக்கலாம், டிரான்ஸ்ஃபார்மரே போயிருக்கலாம். செலக்டர் சுவிட்ச் மட்டும் நன்றாகக் கறுத்திருக்க வேண்டும்.