பொட்டாசியம் ஒழுகும் இடத்தைச் சிறுநீரில் கண்டுபிடிப்பது எப்படி: கிட்டல்மன் நோயை முன்வைத்து

ரத்தத்தில் பொட்டாசியம் இயல்பைவிடக் குறைந்து, 2.6 மில்லிமோல்/லிட்டர் என்று ரிப்போர்ட் வருகிறது. டிரிப் ஏற்றுகிறார்கள், மறுநாள் 3.4 ஆகிறது, டிஸ்சார்ஜ் எழுதுகிறார்கள். சில மாதம் கழித்து அதே ஆள் கால் துவண்டு மறுபடியும் வந்து நிற்கிறார். இப்படித் திரும்பத் திரும்ப நடப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ரத்தத்தை மட்டும் பார்த்தார்கள், அதே நேரத்துச் சிறுநீரை யாரும் பார்க்கவில்லை. டிரிப் ஏறுவதற்கு முன் 20 மி.லி. சிறுநீரைப் பிடித்து வைத்திருந்தால், கோளாறு சிறுநீரகத்திலா, குடலிலா, சிறுநீரகத்தில் என்றால் அதன் நுண்குழலின் எந்தப் பகுதியில் என்பதெல்லாம் அன்றே தெரிந்திருக்கும்.

பயிற்சி மருத்துவர்களையும் லேப் ஊழியர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். குடும்பத்தில் கிட்டல்மன் நோய், அதாவது சிறுநீரகம் உப்பை ஒழுகவிடும் பிறவி நோய், உள்ளவர்களும் படிக்கலாம், ஆனால் மருந்தளவைத் தாங்களாக மாற்றக் கூடாது.

எந்தப் பகுதி என்ன செய்கிறது

இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. வெளியே வருவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி முழுவதையும் நுண்குழல்கள் மீட்டுவிடுகின்றன. வடிகட்டிய சோடியத்தில் ஏறத்தாழ 65 சதவீதத்தை அண்மைச் சுருள் நுண்குழல் உறிஞ்சுகிறது. ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதி 25 சதவீதத்தையும், சேய்மைச் சுருள் நுண்குழல் 5 முதல் 8 சதவீதத்தையும் எடுக்கின்றன. எஞ்சியதைச் சேகரிப்பு நாளம் கவனிக்கிறது.

நினைவில் நிற்க ஒரு வழி உண்டு. ஃபியூரோசமைடு என்ற சிறுநீர்ப்பெருக்கி மாத்திரை ஹென்லே வளைவில் அடைக்கும் உப்புக் கடத்தி பிறவியிலேயே பழுதானால் பார்ட்டர் நோய். தயசைடு என்ற இன்னொரு சிறுநீர்ப்பெருக்கி சேய்மைச் சுருள் நுண்குழலில் அடைக்கும் கடத்தி பழுதானால் கிட்டல்மன் நோய். பார்ட்டர் 1962-லும் கிட்டல்மன் 1966-லும் விவரித்த இந்த நோய்களின் மரபணுக்கள் 1996-ல் ரிச்சர்ட் லிஃப்டன் குழுவின் ஆய்வில் வெளிப்பட்டன. கிட்டல்மனுக்குக் காரணம் எஸ்எல்சி12ஏ3 என்ற மரபணு. உலக அளவில் 40,000 பேரில் 1 முதல் 10 பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பிறவி நுண்குழல் நோய்களில் இதுவே அதிகம் காணப்படுவது.

இரண்டு நோயிலும் உப்பு ஒழுகுகிறது. உடல் அதை ஈடுகட்ட, உப்பைத் தக்கவைக்கும் சுரப்புகளான ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் கூட்டுகிறது. சேகரிப்பு நாளம் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தையும் அமிலத்தையும் வெளியே தள்ளுகிறது. இவர்களுக்குப் பொட்டாசியம் குறைந்து, பைகார்பனேட் என்ற காரம் கூடி, ரத்த அழுத்தம் மட்டும் இயல்பாகவோ தாழ்ந்தோ இருப்பது அதனால்தான்.

மாதிரி எடுப்பது: பாதித் தவறு இங்கேதான்

ரத்தம் எடுக்கும்போது டூர்னிக்கே பட்டையைக் கையில் இறுக்கிக் கட்டி, கையை மூடித் திறக்கச் சொன்னால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். ரத்த அணுக்கள் உடைந்தாலும் அப்படியே. உண்மையில் 2.9 இருப்பவருக்கு 3.5 என்று ரிப்போர்ட் வந்து நோயே மறைந்துவிடும். வெப்பம் இதற்கு நேர்மாறாக வேலை செய்யும். மே மாத வெயிலில் கலெக்‌ஷன் சென்டரிலிருந்து பைக் பெட்டியில் மூன்று மணி நேரம் அலைந்த ட்யூபில் அணுக்கள் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் எண் பொய்யாகக் குறையும். பிரிக்காத ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுபடியும் ஏறும். ஒரு மணி நேரத்துக்குள் சீரத்தைப் பிரித்துவிடுவதுதான் பாதுகாப்பு.

சிறுநீரில், காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிப்பது நல்லது. அவசரம் என்றால் எந்த நேரத்துச் சிறுநீரும் போதும், ரத்தமும் அதே நேரத்தில் எடுத்ததாக இருந்தால் சரி. இரண்டு பாட்டில் தேவை. வெறும் பாட்டிலில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, கிரியேட்டினின், பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு) பார்க்க வேண்டும். இன்னொன்றில் கால்சியமும் மக்னீசியமும் படியாமலிருக்க லேபில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ப்பார்கள். அமிலம் சேர்த்த பாட்டிலிலேயே குளோரைடையும் பார்த்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சேர்த்த அமிலத்தின் குளோரைடும் கணக்கில் ஏறி, வாந்தியால் பொட்டாசியம் இழந்தவர் கிட்டல்மன் நோயாளியாகிவிடுவார்.

ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட், கிரியேட்டினின், கால்சியம், மக்னீசியம், பாஸ்பேட் எல்லாம் வேண்டும். வழக்கமான எலக்ட்ரோலைட் பட்டியலில் மக்னீசியம் இருக்காது. தனியாக எழுதிக் கேளுங்கள்.

பொட்டாசியம் 2.5-க்குக் கீழே இருந்தாலோ, தசை தளர்ந்தாலோ, ஈசிஜி மாறியிருந்தாலோ பரிசோதனைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. டிரிப் ஏறும்போதே சிறுநீரைப் பிடியுங்கள். டெக்ஸ்ட்ரோஸில் பொட்டாசியத்தைக் கலக்க வேண்டாம். சர்க்கரை ஏறினால் இன்சுலின் சுரந்து, இருக்கிற பொட்டாசியத்தையும் உடல் அணுக்களுக்குள் (செல்களுக்குள்) தள்ளிவிடும். சலைனில் கலந்து, கை நரம்பில் மணிக்கு 10 மில்லிமோலுக்கு மிகாமல் ஏற்றுவதே வழக்கம்.

கணக்கு

பழகிப் பார்க்க ஒரு தொகுப்பு எண்கள். ரத்தத்தில் பொட்டாசியம் 2.6, குளோரைடு 94 மில்லிமோல்/லிட்டர், மக்னீசியம் 1.3, கிரியேட்டினின் 0.7 மி.கி./டெ.லி. சிறுநீரில் பொட்டாசியம் 45, குளோரைடு 120 மில்லிமோல்/லிட்டர், கால்சியம் 2, மக்னீசியம் 6, கிரியேட்டினின் 80 மி.கி./டெ.லி.

முதலில் பொட்டாசியத்தைக் கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். 80 மி.கி./டெ.லி. என்பது லிட்டருக்கு 0.8 கிராம். 45-ஐ 0.8-ஆல் வகுத்தால் கிராமுக்கு 56 மில்லிமோல். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கும்போது இது 18-ஐத் தாண்டினாலே சிறுநீரகம் ஒழுகவிடுகிறது என்று பொருள். இந்த எண் மிகக் குறைவாக இருந்து ஆள் முடங்கிக் கிடந்தால், பொட்டாசியம் வெளியே போகவில்லை, அணுக்களுக்குள் போயிருக்கிறது. அப்போது தைராய்டைப் பாருங்கள்.

அடுத்தது குளோரைடு. வடிகட்டியதில் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்பதே கேள்வி. சிறுநீர் குளோரைடை ரத்தக் கிரியேட்டினினால் பெருக்கி, ரத்தக் குளோரைடும் சிறுநீர்க் கிரியேட்டினினும் பெருக்கிவந்த எண்ணால் வகுக்க வேண்டும். 120 × 0.7 = 84; 94 × 80 = 7520; விடை 1.1 சதவீதம். 0.5-க்கு மேல் இருப்பதால் உப்பு இழப்பு சிறுநீரகத்தில்தான். வாந்தியால் வந்த குறைவு என்றால் சிறுநீர்க் குளோரைடு லிட்டருக்கு 20-க்குக் கீழே இறங்கியிருக்கும்.

மக்னீசியத்துக்கும் அதே சூத்திரம், ஆனால் ஒரு மாற்றம் உண்டு. ரத்த மக்னீசியத்தில் 70 சதவீதம்தான் வடிகட்டப்படும் என்பதால் கீழ் எண்ணை 0.7-ஆல் பெருக்க வேண்டும். 6 × 0.7 = 4.2, 0.7 × 1.3 × 80 = 72.8, விடை 5.8 சதவீதம். ரத்தத்தில் குறைந்திருக்கும்போது 4-க்கு மேல் போனால் அது சிறுநீரக இழப்பு. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோலை நாள்கணக்கில் விழுங்குபவருக்கும் மக்னீசியம் குறையும். அந்த இழப்பு குடலில் நடப்பதால் இந்தச் சதவீதம் தாழ்ந்தே இருக்கும்.

கடைசியில் கால்சியம்: 2-ஐ 80-ஆல் வகுத்தால் 0.025. பெரியவர்களில் 0.07-க்குக் கீழே என்றால் கால்சியம் குறைவாகவே வெளியேறுகிறது. நான்கு எண்ணும் சேர்ந்து கிட்டல்மனையே காட்டுகின்றன.

ரிப்போர்ட்டுகள் மில்லிமோலிலும் மில்லிகிராமிலும் கலந்து வரும். மக்னீசியம் மி.கி./டெ.லி.யை 0.411-ஆல் பெருக்கினால் மில்லிமோல்/லிட்டர் கிடைக்கும். கால்சியத்தை 4-ஆல் வகுக்க வேண்டும். அலகு மாறிப்போய்த் தப்பான முடிவுக்குப் போவது சாதாரணமாக நடக்கிறது, எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதிவிடுங்கள்.

அதேபோல் தோன்றும் மற்றவை

ரத்த அழுத்தம் கூடியிருந்தால் கிட்டல்மனை ஓரமாக வைத்துவிட்டு ஆல்டோஸ்டிரோன் மிகை, சிறுநீரகம் சோடியத்தை மிகையாகப் பிடித்துக்கொள்ளும் பிறவி நோயான லிடில் நோய் ஆகியவற்றைத் தேடுங்கள். அதிமதுரம் சாப்பிடுகிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். இருமலுக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் நம் வீடுகளில் புழங்கும் அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின், கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதியை முடக்கி, ஆல்டோஸ்டிரோன் மிகுந்ததுபோன்ற நிலையை உண்டாக்கும். “வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால் யாரும் அதைச் சொல்வதில்லை. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

எடை குறைய யாரோ கொடுத்த தயசைடு மாத்திரை கிட்டல்மனையும், ஃபியூரோசமைடு மாத்திரை பார்ட்டரையும் அப்படியே நகல் எடுக்கும். சந்தேகமிருந்தால் வெவ்வேறு நாள்களில் சிறுநீர்க் குளோரைடைப் பாருங்கள். மாத்திரையால் என்றால் ஒருநாள் எகிறி ஒருநாள் விழும், பிறவி நோயில் எப்போதும் உயர்ந்தே நிற்கும்.

பைகார்பனேட் குறைந்திருந்தால் கதையே வேறு. ரத்தம் அமிலமாக இருக்கும்போதும் சிறுநீர் பிஹெச் 5.3-க்குக் கீழே இறங்காவிட்டால் சேகரிப்பு நாளம் அமிலத்தை வெளியே தள்ள முடியாத அமிலக் கோளாறை நினையுங்கள். சிறுநீரகத்தில் கால்சியம் படிவும், சில குழந்தைகளுக்குக் காது கேளாமையும் சேர்ந்து வரும். பெரிய வயதில் முதன்முறையாக வந்தால் கண்ணும் வாயும் உலர்ந்துபோகும் ஷோக்ரன் நோய் இருக்கிறதா என்று பாருங்கள். பிஹெச்சை ஸ்ட்ரிப்பில் பார்க்காமல் மீட்டரில், புதிதாகக் கழித்த சிறுநீரில் பார்க்க வேண்டும். திறந்து வைத்தால் கார்பன் டை ஆக்சைடு பறந்து பிஹெச் ஏறும், சில கிருமித் தொற்றிலும் ஏறும். இந்த நோயாளிக்குப் பொட்டாசியத்தை உயர்த்தாமல் பைகார்பனேட்டை ஏற்றினால் பொட்டாசியம் இன்னும் விழுந்து மூச்சுத் தசையே நின்றுபோகலாம்.

பார்ட்டரில் கால்சியம் சிறுநீரில் கூடுதலாகவோ இயல்பாகவோ போகும். கருவிலேயே பனிக்குட நீர் மிகுந்து, குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் அதன் 1, 2 வகைகளை எண்ணுங்கள். 2-ம் வகையில் பிறந்த சில நாள்களுக்குப் பொட்டாசியம் உயர்ந்தே இருந்து ஏமாற்றும். 3-ம் வகையையும் கிட்டல்மனையும் சிறுநீரை வைத்து மட்டும் எப்போதும் பிரித்துவிட முடியாது, மரபணுப் பரிசோதனைதான் தீர்க்கும்.

மரபணுப் பரிசோதனை கேட்கும்போது

கிட்டல்மன் ஒடுங்கு மரபு நோய். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வரும், ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீத வாய்ப்பு. தாய்மாமன், அக்கா மகள், அத்தை மகன் என்று உறவில் மணம் முடித்த குடும்பங்களில் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கலாம். வம்ச மரத்தை மூன்று தலைமுறைக்கு வரைந்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ரிப்போர்ட் வாசிப்பவருக்கு அது பெரிய உதவி.

ஒரு பிரதியில் மட்டும் பழுது கண்டு ரிப்போர்ட் முடிந்துவிட்டால் அதை முடிவாக எடுக்க வேண்டாம். மரபணுவின் பெரிய துண்டு விடுபட்டிருந்தால் சாதாரண வரிசைப்படுத்தலில் அது தெரியாது. எம்எல்பிஏ என்ற முறையில் பிரதிகளை எண்ணச் சொல்லுங்கள். எதுவுமே கிடைக்காமல் தாய்வழியில் பலருக்கு இருந்தால் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவையும் பார்க்க வேண்டும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகளும் இளவயதுச் சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் ஹெச்என்எஃப்1பி மரபணுவை மறக்கக் கூடாது.

மருந்து

முதலில் மக்னீசியம். அணுவுக்குள் மக்னீசியம் குறைந்தால் பொட்டாசியம் வெளியேறும் வாயிலின் அடைப்பு திறந்துகொள்ளும், அதற்குமேல் எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் நிற்காது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தனிம மக்னீசியம் 300 மி.கி.யில் தொடங்குவார்கள். ஒரே வேளையில் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வந்து இருந்ததும் போய்விடும், நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பாட்டோடு கொடுங்கள்.

பொட்டாசியத்தைக் குளோரைடாகவே கொடுக்க வேண்டும். தொடக்க அளவு நாளுக்கு 40 மில்லிமோல். 15 மி.லி.யில் 1.5 கிராம் உள்ள சிரப் என்றால் 15 மி.லி.க்கு 20 மில்லிமோல், ஆக நாளுக்கு 30 மி.லி.யை நீர் கலந்து, பிரித்துக் குடிக்க வேண்டும். கடையில் பொட்டாசியம் சிட்ரேட் சிரப்பை மாற்றிக் கொடுத்துவிடுவதுண்டு. சிட்ரேட் உடலில் பைகார்பனேட்டாக மாறி, ஏற்கெனவே கூடியிருக்கும் காரத்தை இன்னும் கூட்டும். அமிலக் கோளாறு நோயாளிக்கு அதுவே சரியான மருந்து, கிட்டல்மனுக்குத் தவறான மருந்து. சீட்டில் ‘குளோரைடு’ என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.

பொட்டாசியம் 3.0, மக்னீசியம் 0.6 மில்லிமோல்/லிட்டர் எட்டினால் போதும். இயல்பு எல்லையைத் துரத்தி மருந்தைக் கூட்டினால் வயிறுதான் கெடும். உப்பைக் குறைக்கச் சொல்லாதீர்கள். ஊறுகாய்க்கும் உப்புக்கும் இவர்கள் ஏங்குவது உடல் கேட்பதால்தான், தாராளமாகச் சாப்பிடட்டும். இவ்வளவும் செய்தும் எட்டாவிட்டால் அமிலோரைடு, ஸ்பைரோனோலாக்டோன், இண்டோமெத்தசின் என்று சிறுநீரக மருத்துவர் யோசிப்பார்.

வாந்தி பேதி வந்த நாளில் வாய்வழி மருந்து தங்காது. அன்று வீட்டில் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற, ஈசிஜியில் க்யூடி இடைவெளியை நீட்டி இதயத் துடிப்பைத் தடுமாறவைக்கக்கூடிய மருந்துகளைத் தவிர்க்கச் சொல்லி ஒரு அட்டை எழுதிப் பர்ஸில் வைக்கக் கொடுங்கள். அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து தருபவரிடம் அந்த அட்டையை முதலில் காட்ட வேண்டும். உடன்பிறந்தவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் ஒருமுறை பொட்டாசியமும் மக்னீசியமும் பார்த்துவிடுங்கள்.