இரவல் வாங்கினால் பொரோ, இரவல் கொடுத்தால் லெண்ட்

கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் பின்னேரம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகள், பேனையை மறந்துவிட்டு வந்தால் “ரீச்சர், கேன் யூ பொரோ மீ எ பென்?” என்றுதான் கேட்பார்கள். கொழும்பில் முதல் வேலைக்குப் போனபோது நானும் இப்படித்தான் ஒரு அக்காவிடம் குடை கேட்டேன். வேறு யாரிடமோ வாங்கித் தரச் சொல்கிறேன் என்று அவர் விளங்கிக்கொண்டார். அவருடைய குடை மேசையிலேயே இருந்தது. நான் நனைந்துகொண்டு பஸ்சுக்குப் போனேன்.

இந்தப் பிழை நம் தமிழில் இருந்துதான் வருகிறது. நமக்குப் பொருளைப் பார்த்துச் சொல் மாறும். துருவலை, சைக்கிள் என்றால் இரவல். ஐந்நூறு ரூபாய் என்றால் கைமாற்று. வங்கிக் காசு என்றால் கடன். வாங்கினோமா கொடுத்தோமா என்பதைப் பின்னால் வரும் வினை சொல்லிவிடும். ஆங்கிலத்தில் பொருள் எதுவானாலும் ஒன்றுதான், திசையைத்தான் பார்க்க வேண்டும். என் கைக்கு வந்தால் பொரோ, என் கையை விட்டுப் போனால் லெண்ட். ஜெர்மன்காரர் இரண்டுக்கும் ‘போர்கன்’ என்ற ஒரே வினையைச் சொல்வார்கள். ஆகவே பிள்ளைகளே, குழம்பியதற்காக வெட்கப்படவே வேண்டாம்.

சந்தேகம் வந்தால் இப்படிச் சோதியுங்கள். பொரோவை எடுத்துவிட்டு டேக் போடுங்கள், லெண்டை எடுத்துவிட்டு கிவ் போடுங்கள். “கேன் யூ டேக் மீ எ பென்?” என்றால் காதே பிழை என்று சொல்லும். “கேன் யூ கிவ் மீ எ பென்?” சரி. அப்போ அங்கே லெண்ட்தான்: “கேன் யூ லெண்ட் மீ எ பென்?” நீங்கள் எடுப்பதாகக் கேட்டால், “கேன் ஐ பொரோ யுவர் பென்?”

பொரோவோடு ப்ரொம் வரும்: “ஐ பொரோட் திஸ் புக் ப்ரொம் த லைப்ரரி.” லெண்டோடு டூ: “ஐ லெண்ட் மை பைசிக்கிள் டூ மை கசின்.” இறந்தகாலத்தில் பொரோட், லென்ற். லெண்டட் என்று ஒரு சொல் இல்லை.

பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ள யூஸ் போடுங்கள், கிணறு நம்மோடு வராதே. கல்யாணத்துக்குக் காசு கொடுத்துக் கதிரை எடுத்தால் ஹயர். ஆனால் கட்டுமரம் என்ற நம் சொல்லை ஆங்கிலம் எடுத்துக்கொண்டதற்கு பொரோதான்: “இங்கிலிஷ் பொரோட் த வேர்ட் கற்றமரான் ப்ரொம் தமிழ்.” அங்கே திருப்பிக் கொடுக்கும் பேச்சில்லை, என்றாலும் வினை அதுதான்.

இன்று வீட்டில் யாராவது எதையாவது இரவல் கேட்டால், அதை இரண்டு விதமாகவும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: ஒருமுறை வாங்கியவர் வாயால், ஒருமுறை கொடுத்தவர் வாயால்.