வடகடலில் கயாக்: அவசரப் பையை எங்கே வைப்பது?

மண்டபம், பாம்பன் பக்கம் கயாக் ஓட்ட வருகிறவர்கள் அலையைப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். நான் காற்றைப் பார்க்கச் சொல்வேன். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் (பாக் விரிகுடாப் பக்கம்) கரையோரம் குளம் மாதிரிக் கிடக்கும். ஆனால் காற்று நிலத்திலிருந்து கடலுக்குள் தள்ளும். கவிழ்ந்து கை விட்டால் காலிக் கயாக் நீங்கள் நீந்துவதைவிட வேகமாக ஓடிவிடும். அதனால் உயிர் காக்கும் சாமான் படகில் அல்ல, உங்கள் உடம்பில் இருக்க வேண்டும்.

லைஃப் ஜாக்கெட் பையில் விசில், சின்னக் கண்ணாடி, தண்ணீர் புகாத டார்ச், கத்தி, போன். எல்லாவற்றையும் கயிற்றால் ஜாக்கெட்டோடு கட்டுங்கள். விசில் உள்ளே குண்டு இல்லாததாக இருக்கட்டும். மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். கண்ணாடி, வெயிலில் தூரத்து வள்ளத்துக்கும் கண்ணில் படும்.

போனுக்கு நீர் புகாத உறை போதும் என்பார்கள். உறைமேல் தண்ணீர் வழிந்தால் தொடுதிரை சொன்ன பேச்சைக் கேட்காது. பழைய பட்டன் போன்தான் என் தேர்வு. கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093: இரண்டையும் பதிந்து வையுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வைப்பது நல்லது. வெளிநாட்டு வீடியோ பார்த்து சாட்டிலைட் போன் மட்டும் கொண்டுவராதீர்கள். அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் இங்கே வழக்காகிவிடும்.

டெக்கில் கைக்கெட்டும் இடத்தில் உபரித் துடுப்பு, நீர் இறைக்கும் பம்ப், துடுப்பு முனையில் மாட்டி மறுபடி ஏற உதவும் காற்றுப் பை. இதைப் பயன்படுத்த ஆழமில்லாத இடத்தில் பழகாவிட்டால் அது வெறும் பலூன்.

உள்ளறையில் ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ், கடலைமிட்டாய், தொப்பி, முழுக்கைச் சட்டை, ஓட்டை அடைக்க அகலமான ஒட்டு டேப். அப்புறம் பிளாஸ்கில் வெந்நீர். டீக்கு இல்லை, திருக்கை முள் குத்தினால் காலை முக்குவதற்கு. பொறுக்கும் சூட்டில் முக்கி வைத்தால் வலி நன்றாகத் தணியும். பிறகு மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். முள் ஆழமாகப் பாய்ந்திருந்தால் பிடுங்காதீர்கள்.

கிளம்பும்முன் கரையில் ஒருவரிடம் எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லுங்கள். அந்த நேரம் தாண்டி அரை மணி ஆனதும் 1554-ஐ அழைக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.