குறும்படம் அனுப்பியாச்சா? பாஸ்வேர்டைத் தொடாதீர்கள்

கேரள சலச்சித்திர அகாடமி திருவனந்தபுரத்தில் நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழாவோ வேறு விழாவோ, விமியோ (வீடியோ ஏற்றும் தளம்) லிங்க்கும் பாஸ்வேர்டும் கொடுத்துவிட்டால் முடிவு வரும்வரை அதை மாற்றவே கூடாது. தேர்வுக்குழு நள்ளிரவிலும் திறந்து பார்க்கலாம். திறக்காவிட்டால் போன் போட்டுக் கேட்கமாட்டார்கள், அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். அனுப்புவதற்கு முன் நண்பரின் போனில், லாகின் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். நம் லேப்டாப்பில் எல்லாம் நன்றாகத்தான் ஓடும்!

ஆங்கில சப்டைட்டிலைத் தனி ஃபைலாக வைக்காமல் படத்தோடு சேர்த்தே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வெள்ளை எழுத்துக்கு மெல்லிய கறுப்பு விளிம்பு கொடுத்தால், வெள்ளை வேட்டி வரும் காட்சியிலும் படிக்கலாம்.

அப்புறம், யூடியூப். ஏற்கெனவே பொதுவில் வெளியான படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. விதிமுறையைப் படித்துவிட்டு ஏற்றுங்கள்.