முதியோர் பராமரிப்பை நாடுவாரியாக ஒப்பிடுவது எப்படி?

முதியோர் பராமரிப்பில் எந்த நாடு சிறந்தது என்று கேட்டால் உருப்படியான விடை கிடைக்காது. பக்கவாதத்துக்குப் பின் தானாகக் குளிக்க முடியாமல், மகளோடு சொந்த வீட்டில் வாழும் 82 வயது மூதாட்டியைக் காலையில் யார் குளிப்பாட்டுகிறார், அதற்கு யார் பணம் தருகிறார் என்று கேட்டால் கிடைக்கும். ஆகவே முதலில் இப்படி ஒருவரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எதைத் தானே செய்ய முடிகிறது, வருமானம் எவ்வளவு, வீடு யார் பெயரில், உடனிருக்கும் மகளுக்கு என்ன வயது. பிறகு அவரை அப்படியே வைத்துக்கொண்டு நாட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள்; விடைகளை நாட்டுக்கு ஒரு வரிசையாக அட்டவணையில் எழுதுங்கள்.

மக்கள்நல அரசுகளைத் தாராளவாதம், பழமைவாதம், சமூக ஜனநாயகம் என மூன்றாகப் பிரிக்கும் புகழ்பெற்ற பகுப்பை இதற்கு அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. ஓய்வூதியம், நோய்க்கால உதவி, வேலையின்மை உதவி ஆகியவற்றை வைத்து உருவான பகுப்பு அது. வீட்டுக்குள் வந்து உடலைத் தொட்டுச் செய்யும் வேலை அதன் கணக்கில் இல்லை.

முதல் கேள்வி, உதவி பெறும் தகுதியை யார், எதை வைத்து முடிவு செய்கிறார் என்பது. ஜப்பானில் 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பராமரிப்புக் காப்பீட்டுக்கு 40 வயதிலிருந்தே சந்தா கட்ட வேண்டும். 65 வயதைத் தொட்டவர் காரணம் எதுவானாலும் விண்ணப்பிக்கலாம். வீட்டுக்கு வரும் ஆய்வாளர், படுக்கையில் புரள முடிகிறதா, ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா, நகம் வெட்டிக்கொள்ள முடிகிறதா என்று 74 விவரங்களைக் குறித்துக்கொள்கிறார். அவற்றைக் கொண்டு கணினி செய்யும் தரப்பிரிப்பையும் மருத்துவரின் கருத்தையும் பார்த்து, ஒரு குழு உதவித் தேவையின் ஏழு நிலைகளில் ஒன்றை முடிவு செய்கிறது. மகள் உடனிருப்பதால் அந்த நிலை குறைவதில்லை. வருமானமும் அந்த நிலையை மாற்றாது; சேவைக் கட்டணத்தில் பயனாளர் கைப்பணமாகத் தருவது 10, 20 அல்லது 30 விழுக்காடா என்பதை அது மாற்றும். ஸ்வீடனில் இத்தகைய நாடு தழுவிய தரப்பட்டியல் இல்லை. வரிப்பணத்தில் சேவை தரும் 290 நகராட்சிகளும் ஒவ்வொருவரின் தேவையையும் தனித்தனியே மதிப்பிடுகின்றன. எனவே ‘ஸ்வீடனில் இவ்வளவு கிடைக்கும்’ என்று எழுதுவதற்கு முன், எந்த நகராட்சியில் என்று கேளுங்கள்.

அடுத்த கேள்வி, கிடைப்பது ரொக்கமா, ஆளா? ஜெர்மனியின் பராமரிப்புக் காப்பீடு 1995இல் தொடங்கியது. 2017 முதல் அதில் ஐந்து தரங்கள் உள்ளன. மூன்றாம் தரத்தில் உள்ள ஒருவருக்கு, 2025ஆம் ஆண்டு நிலவரப்படி, மாதம் 599 யூரோ ரொக்கமாகவோ 1,497 யூரோ வரையிலான பணியாளர் சேவையாகவோ கிடைக்கும். இரண்டையும் விகிதப்படி கலந்தும் பெறலாம். பாதிக்கும் குறைவான தொகை என்று தெரிந்தும் ரொக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் ஏராளம். ஜப்பானோ சட்டம் உருவானபோதே ரொக்கத்தைத் தவிர்த்தது; பணம் கொடுத்தால் மருமகள்கள் பராமரிப்பிலேயே கட்டுண்டுபோவார்கள் என்று மகளிர் அமைப்புகள் வாதிட்டதும் அதற்கு ஒரு காரணம். இத்தாலியில் தரப்படும் ரொக்க உதவி வருமானம் பார்ப்பதில்லை, எப்படிச் செலவிடப்படுகிறது என்றும் கேட்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் சம்பளமாகவும் அது மாறுகிறது.

மூன்றாவது கேள்வியில்தான் ஒப்பீடுகள் பெரும்பாலும் சறுக்குகின்றன: வீட்டை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்? இங்கிலாந்தில் மருத்துவம் இலவசம், ஆனால் பராமரிப்புக்குச் சொத்துச் சோதனை உண்டு. 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால் பொதுவாக முழுச் செலவும் அவருடையதே. வீட்டிலேயே பராமரிப்புப் பெறும்வரை அந்த வீடு கணக்கில் வராது. அவர் நிரந்தரமாகப் பராமரிப்பு இல்லத்துக்குப் போய்விட்டால் வரும். ஆனால் ஏற்கெனவே அங்கே வசித்துவரும் மகளுக்கு 60 வயது நிறைந்திருந்தால் வீட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. மகளுக்கு 58 என்றால் அந்த விதி உதவாது. தாளில் மகளின் வயதை எழுதச் சொன்னது இதற்காகத்தான். ஸ்காட்லாந்தில் 2002 முதல் 65 வயதைத் தொட்டவர்களுக்குக் குளிப்பாட்டுவது போன்ற தனிநபர் பராமரிப்பு இலவசம் என்பதால், ‘பிரிட்டன்’ என்று ஒரே வரிசையில் எழுதுவதும் பிழை. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர், மருத்துவமனைக்குப் பின்னான தேர்ந்த செவிலியர் கவனிப்புக்கு 100 நாள் வரை உதவும். குளிப்பாட்டுவதற்கு மட்டும் ஆள் வேண்டும் என்றால் தராது. வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுத் திட்டமான மெடிக்கெய்ட் தரலாம், ஆனால் சேமிப்பு பெரும்பாலும் கரைந்த பிறகு. பராமரிப்பு இல்லச் செலவைக் கேட்டு விண்ணப்பித்தால், முந்தைய ஐந்து ஆண்டுகளில் சொத்தை யாருக்காவது எழுதிக்கொடுத்தாரா என்றும் பார்ப்பார்கள்.

புள்ளிவிவரங்களைக் கடைசியில் எடுங்கள். சில நாடுகள் மருத்துவம் சார்ந்த பகுதியை மட்டும் பராமரிப்புச் செலவாகக் காட்டுகின்றன. வேறு சில, வீட்டு வேலை உதவியையும் சேர்த்துக் காட்டுகின்றன. படுக்கை எண்ணிக்கையும் ஏமாற்றும்: டென்மார்க் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பழைய பாணி முதியோர் இல்லங்களைப் புதிதாகக் கட்டுவதை நிறுத்திவிட்டு, முதியோருக்கேற்ற குடியிருப்புகளுக்கு மாறியது. அங்கே இல்லங்கள் குறைந்ததைப் பராமரிப்புக் குறைந்ததாக வாசிக்கக் கூடாது. தொகைகளும் வரம்புகளும் அடிக்கடி மாறுவதால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆண்டைக் குறியுங்கள்.

இறுதியாக, அட்டவணையில் புதிதாக ஒரு நிரலைச் சேர்த்து, அந்த மகள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் சம்பளமின்றி உழைக்க நேரும் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் எழுதுங்கள். செலவு மிகக் குறைவாகத் தெரிந்த நாட்டின் வரிசையை அதன்பின் மறுபடி பாருங்கள்.